குளத்தங்கரைக் குப்பை

பூவாணிக்குளத்தை நகரத்தோடு சேர்த்தே தீருவேன் என்று நகராட்சி ஆணையர் தயாளமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கினார். சேர்த்துவிட்டால் நூறு நாள் வேலை நின்றுபோகும். அதை நம்பி அடுப்பெரிகிற வீடுகள்தான் அந்த ஊரில் அதிகம். ஆனாலும் கிராமசபையில் அவரை எதிர்க்க எல்லாருக்கும் பயம்.

"குளத்தங்கரையில மலை மாதிரி குப்பை! சுத்தம் தெரியாத ஊருக்குப் பஞ்சாயத்து எதுக்கு?" என்று அதட்டினார் ஆணையர்.

"அது எங்க குப்பை இல்லைங்கய்யா," என்றாள் ஊரைக் கூட்டிப் பெருக்கும் சொர்ணத்தாயி.

"அப்படியா? நாளைக்குப் பத்து மணிக்குள்ள நிரூபி. நிரூபிச்சா, இந்த ஊரைச் சேர்க்க வேண்டாம்னு நானே எழுதித் தர்றேன். இல்லேன்னா சேர்க்கச் சம்மதம்னு எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

ஊரே அவளைப் பார்த்தது. அவள் சாமியைக் கும்பிட்டுவிட்டு, விடிந்ததும் கூடையோடு குப்பைமேட்டில் ஏறினாள். தினமும் குப்பையை வகை பிரித்துப் பழகிய கை அது.

பத்து மணிக்கு ஆணையர் முன்னால் கூடையைக் கவிழ்த்தாள். பார்சல் உறைகள், மருந்துச் சீட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள். அத்தனையிலும் நகரத்து விலாசம்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்கய்யா," என்று ஓர் உறையை நீட்டினாள். 'தயாளமூர்த்தி, ஆணையர் இல்லம்' என்றிருந்தது.

"என் வீட்டுக் குப்பையைக் கிளற உனக்கு என்ன தைரியம்?"

"குப்பையைப் பிரிச்சுப் போடுங்கன்னு டவுன்ல தெருவுக்குத் தெரு போர்டு வச்சது நீங்கதானுங்களே! உங்க வீட்டுல மறந்துட்டாங்க. நான் பிரிச்சேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆணையர் பேனாவைத் திறந்து எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே குப்பையை அள்ளக் குளத்தங்கரைக்கு நகரத்து லாரி வந்தது. முதல்தடவையாகக் காலியாக வந்தது.