பன்னிரண்டாம் வசனத்துக்கு அப்புறம்

லில்லிபாய்க்கு அவசரமாக ஒரு அட்டை வேண்டும். அதற்காகத்தான், ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனை மகளிடம் விட்டுவிட்டு, மத்தியான வெயிலில் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்கு ஓடிவந்திருந்தாள்.

புது வருஷ ஆராதனை முடிந்ததும், தட்டில் குவித்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுப்பது அந்தச் சபையின் வழக்கம். எந்த வசனம் வருகிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தந்த வாக்கு. இந்த வருஷம் லில்லிபாய்க்கு வந்தது தொண்ணூற்றொன்றாம் சங்கீதம், பன்னிரண்டாம் வசனம். பாதம் கல்லில் இடறாமல் தூதர்கள் கையில் ஏந்திக்கொள்வார்களாம். சந்தோஷம் தாங்காமல் ஃபிரேம் போட்டு டிவிக்கு மேலே மாட்டிவிட்டாள்.

அந்த வீட்டு வாசல் கல்லில்தான் புருஷன் பொன்னுதுரை கால் விரலை இடித்துக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர், விரல் கறுத்துப்போயிற்று. உடனே டாக்டரிடமா கூட்டிப்போனாள்? டிவி ஊழியக்காரர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவினாள். போனில் வந்த தீர்க்கதரிசனத்துக்கெல்லாம் ஆமென் போட்டாள். இப்போது காய்ச்சல் ஏறிக் கிடக்கிறார் மனுஷன். இரண்டு விரலை இன்றைக்கே எடுக்காவிட்டால் முழங்காலோடு போகும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று சொல்லி, டாக்டர் கையெழுத்துக் கேட்கிறார்.

போட்டால் வாக்குத்தத்தத்தை நம்பாத பாவியாகிவிடுவோமோ? போடாவிட்டால் தாலியே போய்விடுமோ?

கோயிலுக்குள் உபதேசியார் தேவசித்தம் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார். அவளைவிட இளையவர்தான், ஆனால் வேத வகுப்பில் அவளுக்கு வாத்தியார். அந்த வகுப்பில் லில்லிபாய் எப்போதும் டீ வருகிற நேரத்துக்குச் சரியாக ஆஜராகிவிடுவாள்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்பித்தாள். இன்னொரு அட்டை எடுத்தால் ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிடுவார் என்றாள்.

உபதேசியார் அலமாரியில் மிச்சமிருந்த அட்டைகளைத் தட்டோடு கொண்டுவந்து நீட்டினார். அவள் முக்காட்டைச் சரிசெய்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிள்ளையில்லாதவளைப் பிள்ளைத்தாய்ச்சி ஆக்கும் வசனம். பேரன் பேத்தி எடுத்த லில்லிபாய்க்கு முகம் செத்துவிட்டது.

"இது வேண்டாம். வேற எடுக்கேன்."

"எது வார வரைக்கும் எடுப்பீங்கக்கா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உபதேசியார் தட்டை மூடி வைத்தார். அவள் கக்கத்திலிருந்த வேதபுத்தகத்தைக் காட்டி, மத்தேயு நாலாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்.

மகள் கல்யாணத்துக்கு வாங்கிய வேதபுத்தகம். ஜிப் லேசில் திறக்கவில்லை. தங்க விளிம்புத் தாள்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்துப் பிரித்து, எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தாள். வனாந்தரம் போயிற்று, கல்லும் அப்பமும் போயிற்று, தேவாலயத்து உச்சியில் நிற்கும் இயேசுவைக் கீழே குதிக்கச் சொல்லும் இடம் வந்தது. அங்கே நின்றுவிட்டாள்.

"இது என் வசனம்லா!"

"யாரு சொல்லுதாங்க?"

கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"பிசாசு."

"இயேசு குதிச்சாரா?"

"இல்ல. அப்போ இத்தனை நாளா நான் பிசாசு பேச்சையா ஃபிரேம் போட்டு வச்சிருக்கேன்?"

"வசனம் ஆண்டவரோடதுதான். அவன் பாதியில நிறுத்திட்டான். உங்க அட்டையும் அங்கதான் நின்னிருக்கு. மிச்சத்தை வாசிங்க."

சங்கீதத்துக்குப் புரட்டினாள். பன்னிரண்டுக்கு அடுத்த வசனத்திலேயே வழியில் சிங்கமும் விரியன் பாம்பும் இருந்தன. அதைத் தாண்டிப் போனால், கூப்பிடுகிறவனோடு ஆபத்தில் நானே கூட இருப்பேன் என்று ஆண்டவர் சொல்கிறார். லில்லிபாய் அதை இரண்டு தடவை வாசித்தாள். ஆபத்தே வராது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

போன் அடித்தது. மகள்தான். டாக்டர் காத்துக்கொண்டிருக்கிறார், வருகிறாயா இல்லையா என்று அழுதாள்.

லில்லிபாய் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க உபதேசியாரே. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

"நானும் ஒரு அட்டையா ஆகணுமாக்கா?" அவர் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். "ஆண்டவர் எங்க கூட இருப்பேன்னு வாசிச்சீங்க?"

"ஆபத்துல."

"உங்களுக்கு ஆபத்து எங்க இருக்கு?"

"ஆஸ்பத்திரியில."

"அப்போ அவரு அங்கதான் இருப்பாரு. நீங்க ஏன் இங்க நிக்கீங்க?"