குளிரை வெளியே தள்ளின அடுப்புக்காரர்

ஒரு ஊர்ல ஒரு அடுப்புக்காரர் இருந்தாரு. ஏய், மொதல்ல காலை உள்ளே இழு. போர்வைக்கு வெளியே நீட்டிக்கிட்டெல்லாம் இந்தக் கதையைக் கேக்கக் கூடாது. ஆங், அப்படி. ம் கொட்டு.

அந்த ஊரு எங்கே இருக்குன்னா, மேலே, இன்னும் மேலே, கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி, தேயிலைத் தோட்டத்து உச்சியில. மார்கழி வந்துச்சுன்னா காலையில புல்லு மேல உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளை வெளேர்னு பனி. குடத்துத் தண்ணியில கை வெச்சா, வெடுக்! பாம்பு கடிச்ச மாதிரி கையை இழுத்துக்கணும். அந்த ஊர்ல ஒரு டீ ஃபேக்டரி. அதுல டீத்தூளைக் காய வைக்கிற பெரிய அடுப்பு ஒண்ணு இருக்கு, ஒரு ரூம் அளவுக்கு. அதுக்கு விறகு போடறதுதான் நம்ம ஆளோட வேலை. அவர் பேரு சடையப்பன். பதினெட்டு வருஷமா அதே அடுப்பு, அதே விறகு. மீசையெல்லாம் நெருப்புப் பட்டுப் பட்டு செம்பட்டையாப் போச்சு.

ம்?

ம்.

சடையப்பனுக்கு ஒரே ஒரு பொண்ணு, சுகந்தின்னு. பொண்டாட்டி இல்லை, மூணு வருஷத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டா, பாவம். சுகந்தியைக் கீழே உடுமலைப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தாரு. அவ இப்போ மாசமா இருக்கா. வளைகாப்பு முடிச்சுத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும் இல்லையா? தாய் இல்லாத வீடா இருந்தா என்ன, அப்பன் நான் இருக்கேன்டான்னு சடையப்பன் போய்க் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. அவளுக்கும் வாயெல்லாம் பல்லு. "எங்கம்மா படுத்த கட்டில்லதான் நான் படுப்பேன்"னு வந்த அன்னைக்கே ஏறி உக்காந்துக்கிட்டா.

அப்போதான் கீழேயிருந்து ஒரு போனு. சுகந்தியோட மாமியார், கோமளத்தம்மா. "சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. அங்கே பனி கொட்டுதாமே? பச்சை உடம்புக்காரியும் பச்சைக் குழந்தையும் அந்தக் குளிர்ல எப்படிங்க இருப்பாங்க? வெள்ளிக்கிழமை ஜீப்போட வர்றேன். வீடு கதகதன்னு இருந்தா விட்டுட்டு வர்றேன். இல்லைன்னா என் மருமகளைக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன், ஆமா!"

டொக். வெச்சுட்டாங்க.

சுகந்தி மூஞ்சி இத்தனூண்டு ஆயிடுச்சு. "அப்பா, நான் போக மாட்டேன்பா"ங்கறா. கண்ணு ரெண்டும் குளம் கட்டி நிக்குது. சடையப்பன் மீசையை முறுக்கினாரு. "அட போ கண்ணு. வீட்டைச் சூடாக்கறது எனக்கு ஒரு வேலையா? ஒரு ஃபேக்டரியையே காய வைக்கிறவன் நான்!" அப்படீன்னாரு.

பெருமை பாத்தியா பெருமை! கேளு என்ன ஆச்சுன்னு.

திங்கக்கெழமை. வீட்டு மூலையில ஒரு கணப்பு அடுப்பு, மேலே புகைக்கூண்டு. சடையப்பன் விறகைக் கொண்டாந்து தொபுக்கு தொபுக்குன்னு போட்டாரு. நெருப்பு தகதகதகன்னு எரியுது. இன்னும் ரெண்டு கட்டை! இன்னும் ரெண்டு! சுகந்தி அடுப்பு முன்னாடி உக்காந்திருக்கா. "எப்படி இருக்கு தாயி?" "மூஞ்சி வேகுதுப்பா." "ஆங்!" "முதுகு நடுங்குதுப்பா." என்னடா இதுன்னு இன்னும் நாலு கட்டை போட்டாரு. நெருப்பு பெருசாக பெருசாக ஜன்னல் பக்கத்துலேருந்து காத்து ஸ்ஸ்ஸ்னு இன்னும் வேகமா வருது! பின்னாடி போய்ப் பாத்தா, அவர் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்த விறகு இடுப்பு உயரத்துக்கு வந்துடுச்சு. இனிமே ஃபேக்டரியில விறகு குடுக்கறது மாசி மாசம்தான். குழந்தை பொறக்கப் போறதோ தை மாசம். கையில எடுத்த கட்டையைத் திரும்பவும் அடுக்குலயே வெச்சுட்டாரு மனுஷன்.

அப்புறம் செவ்வாக்கெழமை. பக்கத்து வீட்டு ஜோசப்புகிட்ட ஒரு ஹீட்டர் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. சுவிட்சைப் போட்டாரு. கம்பி செவ செவன்னு ஆச்சு. "வருதுப்பா, சூடு வருது!"ன்னு சுகந்தி கையைத் தட்டறா. சடையப்பன் வெளியே மீட்டரைப் பாத்தாரு. சக்கரம் கிர்ர்ர்ர்னு ராட்டினம் சுத்தற மாதிரி சுத்துது. அவருக்கே தலை சுத்திப் போச்சு. "ஐயையோ, இது சூடாக்குதா, என் சம்பளத்தைப் பொசுக்குதா?"ன்னு உள்ளே ஓடி வர்றதுக்குள்ள, டப்! ஃபியூஸ் போச்சு. வீடே இருட்டு. அஞ்சு நிமிஷம்தான், பழையபடி வெடவெடவெட.

ம் சொல்லு. தூங்கிட்டியா?

ம்... இல்லை. மூணாவது?

இருக்கு இருக்கு, மூணாவதுதான் பெரிய கூத்து. புதன்கெழமை மத்தியானம் மனுஷன் ஃபேக்டரியிலேருந்து ஒரு வாளி தணல் கொண்டாந்தாரு. கரித் தணல், செக்கச் செவேல்னு. நடு வீட்ல வெச்சாரு, கதவைச் சாத்தினாரு, ஜன்னலைச் சாத்தினாரு. புகையே இல்லை, சுகமா இருக்கு. வீட்டுக்குள்ள அவங்க செவத்திக் கோழியும் கூடைக்குள்ள இருந்துச்சு. கொஞ்ச நேரம் ஆச்சு. கோழி, "கொக்... கொ... கொ..."ன்னுச்சு. ஒரு பக்கமா சாஞ்சுச்சு. தொப்!

"அப்பா, எனக்கும் தலை கிறுகிறுங்குதுப்பா"ன்னா சுகந்தி.

சடையப்பன் குதிச்சு எந்திரிச்சாரு. ஒரே உதை, கதவு படார்! பொண்ணைத் தூக்காத குறையா வெளியே கொண்டாந்தாரு. ஓடிப் போய் வாளியையும் கோழியையும் தூக்கி வெளியே வெச்சாரு. மூடின ரூமுக்குள்ள கரித் தணல் வெச்சா அது ஆளையே கொன்னு போட்டுரும், தெரியுமா? புகை தெரியாது, வாசனை தெரியாது, சத்தமே போடாம ஆளை முடிச்சிரும். நீ ஒரு நாளும் வெக்கக் கூடாது, யாராவது வெச்சாலும் கத்தி ஊரைக் கூட்டணும். சத்தியம் பண்ணு. ம், சரி. நல்ல காத்து பட்டதும் சுகந்திக்குத் தெளிஞ்சுது. செவத்தியும் றெக்கையை உதறிக்கிட்டு எந்திரிச்சு, சடையப்பன் கால்லயே ஒரு கொத்து கொத்திட்டுப் போச்சு. நல்லா வேணும்!

சடையப்பன் வாசப்படியில தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. "பாவி நான், இருக்கற பொண்ணையும் தொலைச்சிருப்பேனே. போ தாயி, வெள்ளிக்கெழமை மாமியார் கூடவே போயிரு. அங்கேயாவது நல்லா இரு"ன்னு விக்கி விக்கி அழறாரு. அவ்வளவு பெரிய மீசை வெச்சுக்கிட்டு, குழந்தை மாதிரி.

விளக்கு வைக்கிற நேரம் ஆயிடுச்சு. சுகந்தி உள்ளே போனா, கதவைச் சாத்தினா, அம்மா போட்டோவுக்கு ஒரு ஊதுபத்தி ஏத்தினா. ஏத்தினவ அப்படியே நின்னுட்டா.

"அப்பா! இங்கே வாங்க. இந்தப் புகையைப் பாருங்க!"

புகை எப்படிப் போகணும்? நேரா மேலே போகணும். இது என்னடான்னா படுத்துக்கிட்டு ஓடுது! கதவுப் பக்கத்துலேருந்து அடுப்புப் பக்கம் சர்ருனு ஓடுது. புகைக்கூண்டுக்குள்ள விழுந்து மேலே போயே போயிடுது. சடையப்பன் ஊதுபத்தியைக் கையில எடுத்தாரு. கதவுக்கடியில காட்டினாரு, ஃபூ! புகை கலைஞ்சுது. ஜன்னல் ஓரமா காட்டினாரு, ஃபூ! ஸ்டூல் மேல ஏறித் தகரக் கூரை ஓரம் காட்டினாரு, அங்கே புகை வெளியே ஓடியே போயிடுச்சு, காணவே காணோம்!

சடையப்பன் தலையிலேயே பளார்னு அடிச்சுக்கிட்டாரு.

"அட மடையா! ஃபேக்டரியில அடுப்புக் கதவை ஒரு விரக்கடை திறந்து வெச்சாலே, 'எவன்டா அது, சூடெல்லாம் போகுது'ன்னு குதிக்கிறேன். பதினெட்டு வருஷமா குதிக்கிறேன். என் வீட்டைப் பாரு, சல்லடை! நான் மூட்டின சூடு புகைக்கூண்டு வழியா ஆகாசத்துக்குப் போகுது, அந்த எடத்துக்குக் குளிரு கதவு வழியா வருது. எரிக்க எரிக்க இன்னும் இழுத்துட்டு வந்திருக்கேன். தாயி, நமக்கு விறகு பத்தாம இல்லைடி. ஓட்டைதான் அதிகம்!"

அப்போ அவருக்கு வந்துச்சு பாரு ஒரு வேகம்! வியாழக்கெழமை லீவு போட்டாரு. ஃபேக்டரியில கிழிஞ்ச சாக்கெல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்தாரு, ஒரு வண்டி. மேட்டுல போய்க் காஞ்ச புல்லு அறுத்துட்டு வந்தாரு. சுகந்தி கட்டில்ல உக்காந்தபடியே கோணி ஊசியால சரக் சரக்னு தைக்கிறா. நீளமா ஒரு சாக்குப் பாம்பு தைச்சு, உள்ளே மண்ணு ரொப்பி, கதவுக்கடியில படுக்கப் போட்டாங்க. ஜன்னல் சந்துல பழைய சேலைத் துணியைத் திணி திணின்னு திணிச்சு, மேலே பழைய கம்பளியில ஒரு திரை. அது பகல்ல திறந்திருக்கணும், வெயில் உள்ளே வரணும். நாலு மணிக்கு வெயில் சாயறப்போ சட்டுனு மூடிரணும். வெயிலுக்கு யாராவது பில்லு போடறாங்களா என்ன?

அப்புறம் கூரை. சாக்கு மெத்தையில புல்லை அடைச்சுத் தகரத்துக்கு அடியில வரிசையா கட்டினாரு, டொக்கு டொக்குன்னு ஆணி அடிச்சு. அடுப்புக்குக் கிட்ட மட்டும் கட்டல, நெருப்புப் பிடிச்சிருமில்ல. அடுப்புக்குப் பக்கத்துல, செவத்தோட அடியில, கை நுழையற மாதிரி ஒரே ஒரு ஓட்டையை வேணும்னே விட்டாரு. "நெருப்பும் மூச்சு விடணும், நாமளும் மூச்சு விடணும்"னாரு. செவத்திகிட்ட கத்துக்கிட்ட பாடம் அது. புகைக்கூண்டு வாயில ஒரு தகடு. நெருப்பு சுத்தமா அணைஞ்சு, சாம்பல் ஆறினப்புறம்தான் அதை மூடணும். கடைசியில நாலு செங்கல்லை எடுத்து அடுப்பைச் சுத்தி அடுக்கினாரு. நெருப்பு அணைஞ்சாலும் செங்கல்லு ரொம்ப நேரம் சூடு வெச்சிருக்கும்.

அப்புறம் ஊதுபத்தியை ஏத்தினாங்க. ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாக்கறாங்க. புகை நேரா, நூல் பிடிச்ச மாதிரி, மேலே... மேலே... மேலே போச்சு! "ஹை!"ன்னு சுகந்தி கத்தினா. சடையப்பன் ஆடினாரு பாரு ஒரு ஆட்டம், ஸ்டூலே உருண்டு போச்சு.

ம்?

அந்தம்மா வந்துட்டாங்களா?

வந்துட்டாங்க! வெள்ளிக்கெழமை சாயங்காலம், டுர்ர்ர்ர், பாம் பாம்! ஜீப்பு வந்து நிக்குது. கோமளத்தம்மா இறங்கறாங்க. எப்படி? ரெண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, காதைச் சுத்தி மஃப்ளர், அதுக்கு மேல ஒரு குரங்குக் குல்லா. கண்ணு ரெண்டு மட்டும்தான் தெரியுது. "டிரைவர் தம்பி, இஞ்சினை அணைக்காதே. பத்தே நிமிஷம், மருமகளைக் கூட்டிட்டு வந்துடறேன்"ங்கறாங்க. சுகந்தி உள்ளே கட்டிலைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

உள்ளே வந்தாங்க. சடையப்பன் சட்டுனு கதவைச் சாத்திச் சாக்குப் பாம்பைக் காலால தள்ளினாரு. கோமளத்தம்மா சுத்திப் பாத்தாங்க. குல்லாவைக் கழட்டினாங்க. டீயைக் குடிச்சாங்க. மஃப்ளரைக் கழட்டினாங்க. "ஏனுங் சம்பந்தி, எத்தனை கட்டை போட்டீங்?" "மூணு." "மூணா! பொய் சொல்லாதீங்." சால்வையைக் கழட்டினாங்க. "ஹீட்டரை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்?" கட்டிலுக்கடியில குனிஞ்சு பாத்தாங்க, பீரோவுக்குப் பின்னாடி பாத்தாங்க. கதவைத் திறந்து மீட்டரைப் பாத்தாங்க. சக்கரம் நத்தை மாதிரி ஊருது. வெளியே குளிரு சுள்ளுனு மூஞ்சில அறைஞ்சுது, "அய்யோ சாமி"ன்னு ஓடி உள்ளே வந்து அவங்களே கதவைச் சாத்தினாங்க. ஒரு ஸ்வெட்டர் போச்சு. ரெண்டாவது ஸ்வெட்டரும் போச்சு!

பாம் பாம்! ஜீப்புக்காரன் கூப்பிடறான்.

சுகந்தி எந்திரிச்சா. "அத்தை, எங்கம்மா இல்லைன்னு எங்கப்பா என்னைக் கூப்பிடாம விடல. ஒத்தை ஆளா இந்த வீட்டை எனக்காக ஓட்டை ஓட்டையாத் தேடி அடைச்சிருக்காரு. நான் இங்கேதான் பெத்துக்கணும் அத்தை." சொல்லிட்டு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டா. சடையப்பன் துண்டால மீசையோட சேத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு.

கோமளத்தம்மா அவரைப் பாத்தாங்க, மருமகளைப் பாத்தாங்க. விறுவிறுன்னு வெளியே போனாங்க. ரெண்டு பேரும் பின்னாடியே போய் வாசல்ல எட்டிப் பாக்கறாங்க.

"தம்பி, வண்டியைத் திருப்பு! என் பையன்கிட்ட சொல்லு, குழந்தை மலையிலதான் பொறக்கும்னு. அப்புறம் அந்தப் பின் சீட்ல என் பை இருக்கு, அதை இறக்கிக் குடுத்துட்டுப் போ."

"பையா? உங்க பையா சம்பந்தியம்மா?"

"ஏனுங், உங்க ஒருத்தராலயே புள்ளைப்பேறு பாத்துர முடியுமாக்கும்? மூணு கட்டையில இந்தச் சூடு! எங்க ஊருலகூட எனக்கு மார்கழியில இப்படித் தூக்கம் வராது. நகருங், நான் படுக்கணும்."

சடையப்பனுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். பையைத் தலை மேல தூக்கிக்கிட்டு வந்தாரு.

அப்புறம் தை பொறந்து ஒம்பதாம் நாளு, தோட்டத்து நர்ஸம்மா வந்து உள்ளே போயாச்சு. ஊரே வாசல்ல வந்து நின்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்குது. சத்தமே இல்லை. "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"ங்குது எல்லாரும். உள்ளே குழந்தை வீல் வீல்னு வீட்டை ரெண்டாக்குது, வெளியே ஒரு பொட்டு கேக்கல, அவ்வளவு இறுக்கம்! கடைசியில சடையப்பன் கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்தாரு, மேல சட்டைகூட இல்லை, பனியில நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் கத்தினாரு: "பொறந்துடுச்சு! எங்க வீட்லயே பொறந்துடுச்சு! பேத்தி!"

அப்போ உள்ளேருந்து கோமளத்தம்மா போட்ட சத்தம் மட்டும் ஊருக்கே கேட்டுச்சு: "சம்பந்தீ, கதவைச் சாத்துங்க மொதல்ல!"

அவ்வளவுதான். கதையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. நீயும் கண்ணுக் கதவைச் சாத்து, தூங்கு.