சுனைக்குப் போகும் வழியில் ஒரு முள்கிளை

ஒரு காட்டில், தண்ணீருக்குப் போகும் ஒரே பாதையின் குறுக்கே ஓர் இலந்தைக் கிளை விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பாறை. கிளை முழுக்கக் கொக்கி போல வளைந்த முள். மூன்று கோடைக்கு முன்னால் அடித்த காற்றில் ஒடிந்து விழுந்தது, அப்படியே கிடந்தது.

அன்றிலிருந்து அந்தக் காட்டு மிருகங்கள் அதைத் தாண்டித்தான் சுனைக்குப் போய் வந்தன. தாண்டித் தாண்டி அதில் கைதேர்ந்தும் விட்டன. "பாறை பக்கத்தில் வந்ததும் மூச்சைப் பிடி. முன்னங்காலை மடக்கு. கண்ணை மட்டும் மூடிவிடாதே!" என்று குட்டிகளுக்குப் பாடம்கூட நடந்தது.

அந்தக் கோடையில் ஒரு சருகுமான் தன் குட்டியோடு அங்கே குடிவந்தது. பெயர் பொட்டு. மான் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். கால்கள் பென்சில் மாதிரி. பொட்டுவின் கூச்சமோ அவள் உடம்பைவிடப் பெரியது. இருந்த ஓடை வற்றிப்போனதால்தான் அவள் இந்தப் பக்கமே வந்தாள்.

முதல் நாள் மாலை, எல்லோரும் தாண்டி முடிக்கட்டும் என்று கடைசியில் நின்றாள்.

"என்ன தங்கச்சி, ஊருக்குப் புதுசா?" என்று சுனைக்கரையிலிருந்து கடமான் கூப்பிட்டது. "ஏன் அங்கேயே நிற்கிறாய்? ஒரே தாவு. வந்துவிடு!"

பொட்டு தாவினாள். வயிற்றில் முள் கீறியது. விழுந்ததும் இந்தப் பக்கமேதான். கரையில் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும் அவள் காதுகள் சூடாகிவிட்டன.

"பழகினால் வந்துவிடும். இதோ, என்னைப் பார்!" என்று கடமான் கிளையை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை தாண்டிக் காட்டியது. தரையில் இறங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் அசையாமல் நின்றது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பொட்டு பார்த்தாள். கூச்சப்படுகிறவர்கள் பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் யாரும் வராத இடத்தில், கல்லை வைத்துத் தாண்டிப் பழகினாள். 'எல்லோருக்கும் வருகிறது. எனக்குத்தான் வரவில்லை' என்று நினைத்துக்கொண்டாள். தாகத்துக்கு இலையில் இருந்த பனித்துளியை நக்கினாள். அது எந்த மூலைக்கு? அவளிடம் பால் குறைந்துகொண்டே வந்தது.

நான்காம் நாள் குட்டி மடியில் வாய் வைத்தது, விட்டது. பிறகு தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அழவில்லை. பார்த்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை பொட்டு வாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணே," என்று காட்டுப்பன்றியிடம் கேட்டாள், "இந்தக் கிளையை ஏன் யாரும் எடுக்கவில்லை?"

"நான் வரும்போதே இங்கேதான் இருந்தது," என்றது பன்றி. "இருப்பதை எடுக்க நான் யார்?"

"எடுக்கணும் அக்கா, எடுக்கணும். நானும் தினமும் நினைக்கிறேன்," என்றது முயல். "இப்போது கொஞ்சம் அவசரம்." சொல்லிக்கொண்டே தாண்டிப் போய்விட்டது. அதன் காது நுனி கிழிந்திருந்தது.

கடமான் கழுத்தை நிமிர்த்தியது. "இதை எடுப்பதாவது! மலை மாதிரிக் கனக்குமே, தங்கச்சி."

"தூக்கிப் பார்த்தீர்களா, அண்ணே?"

"அதைத் தூக்கி வேறு பார்க்க வேண்டுமா? பார்த்தாலே தெரியவில்லையா?" என்று சொல்லிவிட்டுக் கடமானும் தாண்டியது.

மறுநாள் உச்சி வெயில். காடே நிழல் தேடித் தூங்கியது. பொட்டு தனியாக வந்தாள். கிளையை ஒரு முறை முழுக்கப் பார்த்தாள். ஒடிந்த அடிப்பக்கத்தில் முள் இல்லை. அங்கே பல்லால் கவ்வி, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

தொப்பென்று பின்பக்கமாக விழுந்தாள்!

கிளைக்குள்ளே ஒன்றுமே இல்லை. கரையான் எப்போதோ தின்று தீர்த்திருந்தது. ஒரு காட்டையே மூன்று கோடையாகக் குதிக்க வைத்த கிளை, அவள் வாயில் காய்ந்த ஓலை மாதிரித் தொங்கியது. அதை இழுத்துப் பாறைக்குப் பின்னால் போட்டாள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். குட்டியை அழைத்துவர ஓடினாள்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எல்லோரும் கூடிவிட்டார்கள். 'நான்தான் எடுத்தேன்' என்று எப்படிச் சொல்வது? பொட்டு குட்டியோடு புதருக்குள் ஒதுங்கினாள்.

காட்டுப்பன்றி பாறை பக்கத்தில் வந்தது. மூச்சைப் பிடித்தது, காலை மடக்கியது, வெறும் தரையை ஒரே தாவாகத் தாண்டியது.

"இன்றைக்கு நன்றாகத் தாண்டினேன், இல்லையா?"

"பிரமாதம், அண்ணே!" என்று முயலும் பின்னாலேயே தாவியது.

அடுத்தது கடமான். அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, புதருக்குள்ளிருந்து குட்டி வெளியே வந்தது. டக் டக்கென்று பாதை நடுவே நடந்தது.

"ஐயோ, முள்! முள்!" என்று முயல் கத்தியது.

குட்டி நின்று திரும்பிப் பார்த்தது. "எந்த முள்?"

அப்போதுதான் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். கிளை இழுபட்ட கோடு தெரிந்தது. அதை ஒட்டிச் சின்னச் சின்னக் குளம்புத் தடங்கள். கடமான் புதரைப் பார்த்தது. இலைகளுக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஒன்று சொல்லட்டுமா?" என்றது கடமான், மெதுவாக. "போன வருடமே என் முழங்கால் போய்விட்டது. தினமும் இந்தப் பாறைவரை வந்து, தண்ணீரே வேண்டாம், திரும்பிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை."

யாரும் சிரிக்கவில்லை. முயல் தன் கிழிந்த காதைத் தடவிக்கொண்டது.

கடமான் காலை மடக்காமல், மூச்சைப் பிடிக்காமல், நடந்தே போனது. பிறகு திரும்பி வந்து புதர் அருகில் நின்றது. "வா தங்கச்சி," என்றது. "சேர்ந்தே குடிப்போம்."

மறுநாள் காட்டுப்பன்றி மட்டும் பழக்கதோஷத்தில் அதே இடத்தில் ஒரு குதி குதித்தது. அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் குட்டிக்கு மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

நீதி: தினமும் தாண்டிப் போகும் தொல்லையை ஒரு நாளாவது தொட்டு நகர்த்திப் பார்க்க வேண்டும்.