போன கிருமியும் போகாத காவலும்

“கிருமி போயிடுச்சு டீச்சர். ஆள் மட்டும் ஏன் தேறலை?”

டாக்டர் பொன்னையா இப்படிக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். உட்காரவில்லை.

ஜெனோவா டீச்சர் ரத்தத்தையும் மஜ்ஜையையும் பார்த்து நோய் சொல்கிற டாக்டர்; மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதால் எல்லோருக்கும் டீச்சர். பொன்னையாவைவிட வயதில் இளையவர். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் அந்த ஆஸ்பத்திரியே அவர் அறைக்குத்தான் போகும். பொன்னையா மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போவார். இந்த முறை ரொம்பத் தாமதம்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடித் தகட்டைப் பார்க்கும்வரை நோயாளியின் கதையைச் சொல்லக் கூடாது. கதையைக் கேட்டுவிட்டால் கண் கதையைத்தான் பார்க்கும் என்பார் டீச்சர்.

பொன்னையாவால் வாயை அடக்க முடியவில்லை.

“வேலாயுதம்னு பேரு. உப்பளத்து லாரி ஓட்டுறவர். வைரஸ் காய்ச்சல். வெள்ளிக்கிழமையே ரத்தத்துல கிருமி இல்லைன்னு வந்துடுச்சு. காய்ச்சல்தான் இறங்கலை. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, எல்லாம் சரிஞ்சுக்கிட்டே போகுது. இன்னைக்குக் காலைல மூச்சுக்கு மெஷின் வச்சாச்சு.”

“பாருங்க” என்றார் டீச்சர்.

இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற நுண்ணோக்கி அது. ஒரு பக்கம் டீச்சர் குனிந்தார், எதிர்ப்பக்கம் பொன்னையா. வேலாயுதத்தின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை ஊதாச் சாயம் ஏறிப் பரவிக் கிடந்தது.

நடுவில் ஒரு பெரிய செல்.

“இது யாரு?”

“காவல் செல். கிருமியைப் பிடிச்சு விழுங்குறது.”

“வயித்துக்குள்ள என்ன?”

பொன்னையா நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சிவப்பணு.” கொஞ்சம் பொறுத்து, “இன்னொண்ணும் இருக்கு. தட்டணுவும் இருக்கு.”

“யாரோடது?”

“அவரோடதுதான்.”

டீச்சர் தகட்டை நகர்த்தினார். அங்கேயும் ஒன்று. அதன் வயிறு நிறையவும் வீட்டுப் பிள்ளைகள்.

“எதிரிதான் போயிட்டானே டீச்சர். இதுங்களுக்குத் தெரியாதா?”

“கிருமி வந்தப்ப ஒண்ணையொண்ணு உசுப்பி விட்டுச்சுங்க. போதும், நிறுத்துன்னு சொல்லத்தான் ஆள் இல்லை.”

“நான் சொல்லியிருக்கணும்” என்றார் பொன்னையா. “அடக்குற மருந்து கையிலயே இருந்துச்சு. நோயோட போராடுற நேரத்துல காவலை அடக்கலாமான்னு பயந்துட்டேன். இந்த மஜ்ஜையை வெள்ளிக்கிழமையே எடுத்திருக்கணும்.”

டீச்சர் அதை மறுக்கவில்லை. ஆறுதல் சொல்லிப் பழகாத வாய் அது.

“இப்ப எழுதுங்க.”

பொன்னையா கெட்ட மனிதர் இல்லை. பொறுப்பானவர். வேலாயுதத்தைத் தன் சொந்தத் தம்பி மாதிரி பொத்திப் பொத்திப் பார்த்தவர். அதுதான் வினையாகிவிட்டது.

காவலை அடக்கும் ஸ்டீராய்டை எழுதப் பேனாவை உருவியபோது, சட்டைப் பையிலிருந்த சாவியும் கூடவே வந்து மேஜையில் விழுந்தது.

“என்ன சாவி?”

“வேலாயுதம் இருக்கிற ரூம். எங்கிட்ட ஒண்ணு, நர்ஸ்கிட்ட ஒண்ணு. வெளியாள் யாரும் உள்ள போயிடக் கூடாதுல்ல.”

“வெளியாள்னா?”

பொன்னையா தயங்கினார்.

“அவர் சம்சாரம். பூரணம். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலயே கிடக்கு. கையைக் கழுவிக்கிறேன், முகமூடி போட்டுக்கிறேன், ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்னு கெஞ்சும். நான் விடலை. தொத்து கித்து வந்துடும்னு...”

“அவர் கேட்டாரா?”

“நேத்து சாயங்காலம்கூடக் கேட்டார். பூரணம் எங்க, பூரணம் எங்கன்னு.”

டீச்சர் மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தார். எதிர்ப்பக்கத்தைக் கையால் காட்டினார்.

பொன்னையா பார்த்தார். அதே காவல் செல். அதே வயிறு. இந்த முறை வெகுநேரம் பார்த்தார்.

நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மருந்தை அவசரமாக எழுதி, சீட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நடக்கும்போதே மூச்சு வாங்குகிற உடம்பு அது. வராந்தாவில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நர்ஸ் சீட்டை வாங்கிக்கொண்டு போய் ஊசியை ஏற்றினாள். அது இனி வேலை செய்யுமா என்று பொன்னையாவுக்கே தெரியாது.

அவரைக் கண்டதும் பூரணம் தரையிலிருந்து பதறி எழுந்தாள். தன்னைத் துரத்தத்தான் வருகிறார் என்று நினைத்து, கஞ்சி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

“போகாதம்மா” என்றார் பொன்னையா. கதவை அகலத் திறந்துவிட்டார். “உள்ள போ. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இரு.”

அவள் வாசலிலேயே நின்றாள். புருஷனின் மூடிய கண்ணையும் வாயில் சொருகிய குழாயையும் பார்த்தாள். பிறகு திரும்பிப் பொன்னையாவைப் பார்த்தாள்.

“இப்பம் அவுகளுக்குக் காது கேக்குமாய்யா?”