பொன்னுலிங்கத்தின் கும்பிடு

“எனக்கு மட்டும் ஆளே சேர மாட்டேங்கே மேடம்” என்றார் பொன்னுலிங்கம்.

மூன்று நாவல் எழுதியவர். அறுபதை நெருங்குகிற வயதில் காயல்பட்டினத்துக்கு பஸ் ஏறி, தன்னைவிட இருபது வயது சின்னவளான மெஹருன்னிசாவின் வீட்டுக்கு வந்திருக்கிறார். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் வேறு வழியில்லை. “பின்னால நாலு பேரைச் சேர்த்துட்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்” என்று பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். உயிரைக் கொடுத்து எழுதிய நாலாவது நாவல் பீரோவில் கிடக்கிறது.

மெஹருன்னிசாவும் எழுத்தாளர்தான். முகநூலில் அவள் ஒரு வரி போட்டால் போதும், மதியத்துக்குள் ஊரே கூடிப் பேசும். அவள் புத்தகம் அச்சகத்தை விட்டு வருமுன்னே விற்றுவிடும்.

“என்னெல்லாம் செஞ்சிய அண்ணாச்சி?”

“எல்லாம் செஞ்சாச்சு. முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப். வாட்ஸப்ல வாசகர் வட்டம்னு ஒரு குரூப்பு.”

“குரூப்பு எப்படிப் போகுது?”

“நான் தினமும் காலை வணக்கம் போடுதேன். ஒவ்வொருத்தரா வெளிய போறாவ.”

அவள் சிரிக்கவில்லை. அதற்கே பெரிய மனசு வேண்டும்.

“பதிவு போட்டா அம்பது பேரை டேக் பண்ணுதேன்.”

“அவங்களைக் கேட்டுட்டா?”

“அதையெல்லாம் யார் கேட்டுக்கிட்டு இருப்பா?”

அவள் சர்பத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

“நீங்க குடிங்க. நான் என் வேலையைப் பார்க்கேன்.”

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தாள். மெஹருன்னிசா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் நிதானமாகப் பதில் எழுதினாள். ‘உங்க ஊர்லயே இன்னொருத்தரும் இதையே கேட்டாங்க. ரெண்டு பேரும் பேசிப் பாருங்களேன்’ என்று முடித்து, அந்த இன்னொருத்தரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள்.

பொன்னுலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். சர்பத் தீரும்வரை மூன்று பேருக்குத்தான் அவள் எழுதியிருந்தாள்.

“இப்படி எழுதுனா எப்ப மேடம் முடியும்?”

“முடிக்கணுமா அண்ணாச்சி?”

அவர் அசந்துபோனார். வித்தை தெரிந்த பெண் என்று நினைத்து வந்தார். இவளிடம் வித்தை எதையும் காணோம், பொறுமைதான் மலையாகக் குவிந்து கிடக்கிறது. நம்மால் ஆகாது என்றும் பயமாக இருந்தது.

“உங்க போனைத் தாங்க.”

கொடுத்தார். அவள் அவருடைய பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் அவருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். புத்தக அட்டை. மறுபடியும் சால்வை. வேறொரு ஊரில் வேறொரு சால்வை.

கீழே யார் என்ன எழுதியிருந்தாலும் பொன்னுலிங்கத்தின் பதில் ஒன்றுதான். ‘நன்றி’, பக்கத்தில் ஒரு கும்பிடு.

“எல்லாருக்கும் கும்பிடா?”

“மரியாதை குறையக் கூடாதுல்லா? வரிசையாப் போட்டுக்கிட்டே வருவேன். ஒருத்தரையும் விட மாட்டேன்” என்றார் பெருமையாக.

ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. சத்தமாகப் படித்தாள்.

“‘உங்க ரெண்டாவது நாவல்ல பேச்சி கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு புருஷன் வீட்டை விட்டு பஸ் ஏறுறாளே, எங்க இறங்குனா சார்? நானும் அப்படி ஏறி வந்தவதான். சுடலைவடிவு, திருப்பூர்.’”

அதன் கீழும் ‘நன்றி’. பக்கத்தில் கும்பிடு.

பொன்னுலிங்கம் போனை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. இப்படி ஒருத்தி எழுதியது அவருக்கு ஞாபகமே இல்லை.

“எங்க இறங்குனா அண்ணாச்சி?” என்றாள் மெஹருன்னிசா.

“சங்கரன்கோவில்ல.”

“நாவல்ல இல்லியே.”

“எழுதல. ஆனா எனக்குத் தெரியும்.”

“சொல்லுங்க.”

அவர் தயங்கித்தான் ஆரம்பித்தார். பேச்சி ஒரு இட்லிக்கடையில் மாவாட்டச் சேர்ந்தாள். தெருக்கடைசியில் ஒரு ஒற்றை அறை கிடைத்தது. பாய் வாங்கவில்லை, பானை வாங்கவில்லை, முதல் காரியமாக ஒரு பூட்டு வாங்கினாள். சாவியைப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கட்டினாள். அன்றைக்குத்தான், கல்யாணமாகி வந்ததற்கப்புறம் முதல்முறையாக, விடியும்வரை அசந்து தூங்கினாள்.

சொல்லச் சொல்ல அவர் குரல் மாறிவிட்டது. பதிப்பாளரை மறந்தார், ஆள் சேர்க்க வந்ததையும் மறந்தார். எதிரே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன மனுஷன், இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா சால்வைப் படம் போட்டுக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு ஆறவில்லை.

“அப்புறம் அந்தப் பிள்ளை வளர்ந்து…” என்று அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார்.

மெஹருன்னிசா போனை அவர் கையில் திருப்பி வைத்தாள்.

“எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதிய? கேட்டது நான் இல்லியே.”