செவலையின் குழியில யார் உப்புப் போடுறது?

ராஜாக்கள் ஆண்ட காலம்தான், ஆனா இந்தக் கதையில ராஜா வரமாட்டாரு, கேளுங்க. ஒரு உப்பு வியாபாரியும் அவன் வளர்த்த நாயும்தான் வருவாங்க.

வியாபாரி பேரு கொற்றன், நாய் பேரு செவலை. கொற்றன் கழுதை மேல உப்பு மூட்டை ஏத்திக்கிட்டு மலையடி ஊருக்கெல்லாம் போவான். குட்டியா இருந்தப்போ செவலையும் கூடவே ஓடும். வயசானதும் அதை வீட்டுல விட்டுட்டுப் போனான்.

அப்படி ஒரு தடவை திரும்பி வந்தா, வாசல்ல செவலை செத்துக் கிடக்கு. உடம்புச் சூடு கூட இன்னும் ஆறல.

கொற்றனுக்கு அழுகை வரல. சந்தேகம்தான் வந்துச்சு. குனிஞ்சு பார்த்தான். பின்னங்கால்ல எண்ணெய். வயித்துல ஆத்துச் சேறு. அதோட சட்டியை மோந்து பார்த்தான், கொழகொழன்னு கஞ்சி. எலும்பை உடைச்சுத் திங்கிற நாய்க்கு எவன் கஞ்சி வச்சான்?

எண்ணெய்னா செக்காட்டுற பூதன். சேறுன்னா ஓடக்கார நாகன். கஞ்சின்னா பக்கத்து வீட்டு வேம்பி. இதுல யாரோதான் விஷம் வச்சதுன்னு முடிவே பண்ணிட்டான்.

பூதன் வந்தான், கண்ணு செவந்திருந்துச்சு. நடிக்கிறானோ? நாகன் குழி வெட்டட்டுமான்னு கேட்டான். என்ன இவனுக்கு அவ்வளவு அவசரம்? வேம்பி வாயே திறக்கல. அது இன்னும் மோசம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். வளர்த்த பிராணி செத்தா, கடைசிக் காலத்துல அதைப் பார்த்துக்கிட்டவங்கதான் குழியில உப்புப் போடணும். பொய்யா போட்டா குடும்பம் விளங்காதுன்னு எல்லாருக்கும் பயம். கொற்றன் உப்பு மூட்டையை அவுத்துக் குழி ஓரமா வச்சுட்டு, பார்த்துக்கிட்டவங்க போடலாம்னான். எந்தக் கை பின்வாங்குதோ, அந்த வீட்டுக்கு இனி உப்பும் கிடையாது, ஊர்ல இடமும் கிடையாதுன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டு நின்னான்.

பூதன் உப்பை அள்ளினான். காலையில கால் விறைச்சு எந்திரிக்க மாட்டாம கிடக்குமாம், தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு நடக்க வச்சானாம்.

நாகன் அள்ளினான். கண்ணு தெரியாம கொற்றனைத் தேடி ஆத்துல இறங்கிடுமாம், ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வந்து விட்டானாம்.

வேம்பி அள்ளினா. பல்லு எல்லாம் விழுந்துருச்சாம், சோத்தைக் குழையக் கரைச்சு வச்சாளாம்.

எல்லாரும் போட்டாச்சு. பின்வாங்கி நின்னது ஒரே ஒரு கை. கொற்றனோட கை.

வந்தப்போ எல்லாம் செவலையைப் பார்த்தான்தான். கிழடாயிருச்சுன்னு ஒத்துக்க மனசு வராம, பார்க்காத மாதிரியே கிளம்பிப் போயிட்டான். இப்ப எந்த முகத்தோட உப்பைத் தொடுறது?

"உங்களைச் சந்தேகப்பட்டேன்," அப்படின்னான்.

"அதான் தெரியுமே. சட்டியை மோந்து பார்த்தியே," அப்படின்னா வேம்பி. அப்புறம் மெதுவா சொன்னா: "நாங்க எவ்வளவு பண்ணியும் எங்களுக்கு வாலாட்டல, கொற்றா. இன்னிக்கு உன் கழுதை மணி கேட்டுச்சு பாரு, அப்பத்தான் ஆட்டுச்சு. ஆட்டிக்கிட்டே வாசலுக்கு ஊர்ந்து வந்துச்சு. நீயும் போடு."

கொற்றன் ஒரு பிடி அள்ளிப் போட்டான். அப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்துச்சு. பூதனும் நாகனும் ஆளுக்கொரு பக்கமா உக்காந்து அவன் கூடவே அழுதாங்க.

அதனால கேட்டுக்கோங்க: போன உசுருக்காக யார் மேல பழி போடலாம்னு தேடாம, அதை நேசிச்சவங்களோட சேர்ந்து அழுதாத்தான் துக்கம் ஆறும்.