புன்னைக்குப்பம் முடியும் இடம்

"ஓர் அடைப்புக்குறி விடுபட்டதற்காகக் கணினிக் கோப்பு முழுவதையும் மறுப்பது அறிவுடைமையா, அம்மா?" என்று கேட்டார் அருளப்பன்.

தில்லைநாயகி தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கடலோர ஊர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் நிலையம் அது. எந்த ஊரில் யார் யாருக்குச் செய்தி போக வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்புகள், தில்லைநாயகியின் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். ஒவ்வோர் ஊரின் தொலைபேசி எண்களும் ஓர் அடைப்புக்குறியில் தொடங்கி இன்னொன்றில் முடியும். அவர் கைபட்ட கோப்பில் பிழை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அதைக் கேள்விப்பட்டே, வயதில் மூத்தவரான அருளப்பன் நல்ல வேலையை விட்டுவிட்டு அவரிடம் கற்க வந்திருந்தார்.

"கடைசி வரியில் பிழை என்கிறது உங்கள் சரிபார்ப்பு நிரல். அந்த வரியோ துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது."

"பிறகு?"

"நானே ஒரு நிரல் எழுதிவிட்டேன். அடைப்புக்குறியை யாராவது மூடாமல் விட்டால், அதுவே கடைசியில் ஒன்றைப் போட்டு மூடிவிடும். பிழை என்ற பேச்சே எழாது."

"அப்படியானால் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டீர்கள்."

அருளப்பன் கூச்சத்தோடு சிரித்தார்.

"பருவக்காற்று தொடங்கிவிட்டது, ஐயா. மெய்யான எச்சரிக்கை எப்போது வேண்டுமானாலும் வரலாம். இன்றைய ஒத்திகைச் செய்தி உங்கள் நிரல் வழியாகவே போகட்டும்."

நிரல் ஓடியது. திரையில் பச்சை ஒளிர்ந்தது. செய்தி போயிற்று.

"மணல்மேட்டில் உங்கள் மைத்துனர் இருக்கிறார் அல்லவா? கூப்பிட்டுக் கேளுங்கள்."

மைத்துனர் சேசையா உடனே எடுத்தார். பின்னால் அலைச் சத்தம்.

"செய்தியா? ஒண்ணும் வரலையே, மச்சான். வலையை ஏத்திக்கிட்டு இருக்கோம். ஏன், காத்து வரப்போகுதா?"

"இல்ல, ஒத்திகைதான். போயிட்டு வாங்க." அருளப்பனின் குரல் இறங்கிவிட்டது.

கோப்பைத் திறந்தார். முதல் ஊரான புன்னைக்குப்பத்துக்குத் திறந்த அடைப்புக்குறியை அவருடைய நிரல் கோப்பின் கடைசியில் மூடியிருந்தது. மற்ற ஊர்கள் அத்தனையும் புன்னைக்குப்பத்தின் வயிற்றுக்குள் கிடந்தன. கணினிக்கு ஒரே ஊர்தான் தென்பட்டது. அதற்கு மட்டும் சொல்லிவிட்டு நின்றிருந்தது.

"இடத்தை மாற்றிப் போட்டுவிடுகிறேன், அம்மா."

"எங்கே?"

புன்னைக்குப்பத்து எண்களை அடுத்துத் தெற்குக்கரை என்றொரு பெயர் இருந்தது. அதன் கீழும் சில எண்கள். பிறகுதான் மணல்மேடு. அருளப்பனின் விரல் விசைப்பலகையின் மேல் தயங்கியது.

"தெற்குக்கரை புன்னைக்குப்பத்தைச் சேர்ந்ததா, தனி ஊரா?"

"நான் அங்கே போனதில்லை" என்றார் தில்லைநாயகி.

அருளப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழைய சரிபார்ப்பு நிரலை மறுபடியும் ஓட்டினார். சிவப்பு எழுத்தில் அதே வரி வந்தது: 'மூடப்படவில்லை.' எங்கே மூட வேண்டும் என்று அது சொல்லவில்லை. காலையில் அதைப் பிடிவாதக்காரன் என்று ஏசியிருந்தார். இப்போது, அவையில் எழுந்து நின்று 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் ஒரு பெரியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தில்லைநாயகி தொலைபேசியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

மறுமுனையில் ஒரு பெண்குரல் கேட்டது.

"புன்னைக்குப்பமாம்மா?" என்றார் அருளப்பன். "ஒண்ணு தெரியணும். உங்க ஊரு எந்த வீட்டோட முடியுது?"